மண்டபத்தில் இருந்து வெப் டெவலப்பர் வேலைக்கு மாறுவது எப்படி?

2023 ஏப்ரலில் நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வயது 32, படிப்பு பி.காம். 2024 நவம்பரில் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வெப் டெவலப்பராக, அதாவது இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதுகிறவனாகச் சேர்ந்தேன். இடையில் 19 மாதம். அதில் ஆறு மாதமாவது வீண். கோடிங் கற்றுக்கொள்ள ஆன காலத்தைச் சொல்லவில்லை. கட்டக் கூடாத இடத்தில் பணம் கட்டியதிலும், ஆதாரில் ஒரு மாதிரியும் மார்க் ஷீட்டில் வேறு மாதிரியும் இருந்த பெயரைச் சரிசெய்ய அலைந்ததிலும் போன காலம் அது. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையில் இருந்து இந்த வேலைக்கு மாற நினைக்கிறவர்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாக வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. வேலையை விடாதீர்கள், தடைக்காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகு, ஐஸ், ஏலம், கருவாடு, லாரி என்று விசைப்படகை நம்பிய எந்தத் தொழிலில் இருந்தாலும் அந்த இரண்டு மாதம் நேரம் கிடைக்கும், காசு கிடைக்காது. எங்கள் கம்பெனியில் அப்போது பாதிச் சம்பளம். பத்து மணிக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பிவிடலாம். நான் தொடங்கியது அப்போதுதான். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணி நேரம் உட்கார முடிந்தது. அடிப்படை அந்த 61 நாளில் பிடிபட்டுவிட்டது.

ஜூன் 15க்கு அப்புறம் நேரம் சுருங்கிவிடும். அதிகாலை நாலரையிலிருந்து ஆறரை வரை எனக்குக் கிடைத்தது. படகு கரையில் நிற்கிற நாட்களில் மாலையில் இன்னும் இரண்டு மணி நேரம். இது போதும். தினமும் இரண்டு மணி நேரம் படித்த மாதங்களில்தான் வேகமாக முன்னேறினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த மாதத்தில், போன வாரம் படித்ததையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டுவிட்டுப் படித்தால் சீக்கிரம் முடியும் என்று பலரும் சொல்வார்கள். வீட்டில் அடுப்பெரிய உங்கள் சம்பளம்தான் வேண்டும் என்றால் அதைச் செய்யாதீர்கள். படிக்கும் காலம் நம் கையில் இருக்கிறது, வேலை தேடும் காலம் நம் கையில் இல்லை. எனக்குத் தேடுவதற்கே நான்கு மாதம் ஆனது.

2. பெயரை இன்றே சரிசெய்யத் தொடங்குங்கள்

நான் ஆக அதிகமாக அடிபட்ட இடம் இது. இதைப் படித்து முடித்ததும் உங்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக், டிகிரிச் சான்றிதழ் ஐந்தையும் ஒரு பாயில் பரப்பி வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

நமக்குத் தகப்பனார் பெயர் இனிஷியலாக வரும். மார்க் ஷீட்டில் 'செல்வம் எம்' என்று இருக்கும். ஆதார் எடுத்தவர் 'செல்வம் முனியசாமி' என்று போட்டிருப்பார். பான் கார்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே 'முனியசாமி செல்வம்' ஆகியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது பின்னணிச் சரிபார்ப்பு என்று ஒன்று நடத்துவார்கள். அதைச் செய்பவருக்கு அது மூன்று ஆள். எனக்கு முதலில் கிடைத்த ஆஃபர் இதனால்தான் கைவிட்டுப் போனது. பத்து நாளில் சரிசெய்து கொடுங்கள் என்றார்கள். என்னால் முடியவில்லை, வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். மாற்றுவதற்கு ஆகக் கடினமானது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். ஆகவே அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆதார். வாழ்நாளில் இரண்டு முறைதான் ஆதாரில் பெயரை மாற்றலாம், அதனால் மையத்தில் உட்கார்ந்திருப்பவர் தட்டச்சு செய்ததும் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்துகளைப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். அடுத்தது பான். கையில் அட்டையாக வர வேண்டுமென்றால் கட்டணம் 107 ரூபாய். எனக்கு மூன்று வாரத்தில் வந்தது. பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கெடு முடிந்து இணைப்பவர்களிடம் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் வாங்குகிறார்கள். இணைக்காவிட்டால் பான் செயலிழந்து, சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு வங்கி.

பழைய பி.எஃப். கணக்கு ஏதாவது இருந்தால் அதையும் மறக்காதீர்கள். எனக்குத் திருப்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்த காலத்துக் கணக்கு ஒன்று இருந்தது. அதில் பெயர் தவறு, பிறந்த தேதியும் தவறு. திருத்தத்துக்குப் பழைய முதலாளி ஒப்புதல் தர வேண்டியிருந்தது. ஆள் மாறி ஆள் போனில் கேட்டு, இரண்டு முறை நேரில் போய், ஏழு வாரம் ஆனது. வேலை கிடைத்த பிறகு ஏழு வாரத்துக்கு எங்கே போவது?

டிகிரி விஷயம். நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் படித்தவர்கள் பலர் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் தற்காலிகச் சான்றிதழோடு நின்றுவிடுகிறோம். படித்து முடித்துப் பத்து வருடம் ஆனவரிடம் பட்டமளிப்புச் சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்பார்கள். விண்ணப்பித்தால்தான் அது கிடைக்கும். வீடு ஒழுகி நனைந்த மார்க் ஷீட் இருந்தால் அதற்கும் இப்போதே நகல் கேளுங்கள்.

கையில் சம்பளம் வாங்குகிறவரா? இந்த மாதமே முதலாளியிடம் பேசி வங்கியில் போடச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துச் சிறு கம்பெனிகளில் சம்பளச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது. ஒரு வருட வங்கி வரவும் லெட்டர்ஹெட்டில் ஓர் அனுபவச் சான்றும்தான் என்னைக் காப்பாற்றின.

3. லேப்டாப், இணையம், உப்புக் காற்று

புதிய லேப்டாப் தேவையில்லை. பழையதைப் புதுப்பித்து விற்கும் கடையில் நான் 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி வட்டு, ஒழுங்காக வேலை செய்யும் கீபோர்டு. இந்த மூன்றையும் பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் போட்டது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 16 ஜிபிக்குக் காசு இருந்தால் நல்லது. தேவையான மென்பொருள் எல்லாம் இலவசம்: எழுத விஎஸ் கோட், பார்க்கக் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ், செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேமித்து வைக்கக் கிட் (Git).

கடலை ஒட்டி வீடு இருப்பவர்கள் லேப்டாப்பை ஜன்னலோரம் திறந்தபடி வைக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பு படிந்து என் யுஎஸ்பி துளைகள் இரண்டும் பச்சை பிடித்துவிட்டன, 1,800 ரூபாய் செலவு. மூடிய பையில் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்தால் போதும்.

இணையத்துக்கு மாதம் 600 ரூபாய் ஆனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போனால் இணைப்பும் போகும். அந்த மாதங்களில் நேர்காணல் இருந்தால் போனில் தனியாக டேட்டா போட்டு, லேப்டாப்பை முழுக்கச் சார்ஜ் ஏற்றி வையுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: போன் தானாக இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

4. பணம் கட்டாமல் படிக்கும் வரிசை

முதலில் பக்கத்தின் அமைப்பை எழுதும் ஹெச்டிஎம்எல், தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ். இரண்டு மாதம். அப்புறம் பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி, ஐந்து மாதம். இதை அவசரப்படுத்தாதீர்கள். கூடவே கிட். அதற்குப் பிறகு, ஜாவாஸ்கிரிப்டில் பெரிய பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட், மூன்று மாதம். சர்வர் பக்கத்தில், அதாவது தகவலைச் சேமித்துத் தரும் கணினியில் ஓட, நோட் ஜேஎஸ் அல்லது பிஹெச்பி ஏதாவது ஒன்று, டேட்டாபேஸில் பதிவுகளை எடுக்க, சேர்க்க, மாற்றத் தெரியும் அளவுக்கு எஸ்க்யூஎல். கணக்கு எழுதியவர்களுக்கு எஸ்க்யூஎல் சுலபமாக வரும். பேரேட்டில் தேடுவதைத்தான் எழுத்தில் கேட்கிறோம்.

ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் புராஜெக்ட் என்ற இரண்டு பாடத் தளங்களும் முழுக்க இலவசம். ஏதாவது ஒன்றை எடுத்து முடியுங்கள், இரண்டிலும் கால் வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால், இந்த மொழிகளுக்கெல்லாம் விளக்கம் இருக்கும் எம்டிஎன் தளம். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளங்களான ஸ்வயம், என்பிடெல் பாடங்களும் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் யூடியூபில் தமிழ் வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டு, அதே பாடத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை படியுங்கள். நேர்காணலில் கேள்வி ஆங்கிலத்தில் வரும், பிழைச் செய்தியும் ஆங்கிலத்தில்தான் வரும். நான் தினமும் பத்துப் பிழைச் செய்திகளை நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதினேன். மூன்று மாதத்தில் பயம் போய்விட்டது.

ஏஐ கருவிகளிடம் விளக்கம் கேளுங்கள், விடையை வாங்கி ஒட்டாதீர்கள். நேர்காணலில் உங்கள் நிரலையே திறந்து வைத்து, இந்த வரி எதற்கு என்று கேட்கிறார்கள்.

நான் மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் 35,000 ரூபாய் கட்டினேன். வேலை நிச்சயம் என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். நடத்தியதெல்லாம் ஃப்ரீகோட்கேம்பில் நான் ஏற்கெனவே செய்து முடித்த பாடம். ரசீதின் பின்பக்கத்தில் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது, நான் பார்க்கவில்லை. பயிற்சி நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால், போன வருடம் அங்கே படித்து வேலையில் சேர்ந்த இரண்டு பேரிடம் நீங்களே போனில் பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள். பேச ஆள் தர மறுத்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்கள். உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கட்டணத்தைக் கட்டச் சொன்னால், பேச்சை வளர்க்கவே வேண்டாம்.

5. நம் ஊர்க் கணக்கை ஒரு வெப் பக்கமாகச் செய்யுங்கள்

எல்லோருடைய விண்ணப்பத்திலும் அதே கால்குலேட்டர், அதே வானிலைச் செயலி, அதே வேலைப் பட்டியல். எடுக்கிறவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு அழைப்பு வரத் தொடங்கியது படகுப் பங்குக் கணக்குப் பக்கத்தைச் செய்த பிறகுதான்.

படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்துவிட்டு மீதியை முதலாளிக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். படகுக்குப் படகு பங்கு முறை வேறு. இதைச் சிகரெட் அட்டையில் எழுதிப் பார்ப்பதை நான் பத்து வருடம் பார்த்திருக்கிறேன். விற்ற தொகையையும் செலவையும் போட்டால் ஆளுக்கு எவ்வளவு என்று காட்டும் ஒரு பக்கம் செய்தேன்.

செய்யத் தொடங்கியதும்தான் ஜாவாஸ்கிரிப்ட் எனக்குப் புரிய ஆரம்பித்தது. டீசலில் 200, ஐஸில் 50 போட்டுப் பார்த்தேன். மொத்தச் செலவு 20050 என்று வந்தது. ஒரு முழு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெட்டியில் தட்டுவது எண்ணாக வராது, எழுத்தாகத்தான் வரும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். முதலில் எண்ணாக மாற்ற வேண்டும். ஒரு பெட்டியில் யாராவது எண்ணோடு 'லிட்டர்' என்றும் சேர்த்துத் தட்டிவிட்டால் தொகைக்குப் பதிலாக எண் இல்லை என்று காட்டும், அதற்கும் ஒரு வழி செய்ய வேண்டும். கடைசியில் எனக்கு வேலை கிடைத்த நேர்காணலில் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். நான் 20050 கதையைச் சொன்னேன்.

அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாம்பனில் உறவுக்காரர் ஒருவரிடம் காட்டினேன். மாமா வெயிலில் நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலையே மாப்பிள்ளை" என்றார். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்துப் போட்டிருந்தேன். எழுத்தைக் கறுப்பாக்கிப் பெரிதாக்கினேன். தமிழ்ச் சொற்கள் நீளம், பட்டனுக்கு வெளியே வழிந்தன. பட்டனின் அகலத்தை எழுத்துக்குத் தகுந்தபடி விட்டேன். கடலுக்குள் சிக்னல் கிடையாது, அதனால் போட்ட கணக்கை போனிலேயே சேமிக்கும்படி மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் தனித்தனியாகக் குறித்து வைத்தேன். பார்ப்பவருக்கு நான் எப்படி யோசித்தேன் என்பது அதில் தெரிந்தது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். கருவாட்டு விலைப் பட்டியல், நண்டு கம்பெனியில் எடை போட்ட வரவு, ராமேஸ்வரம் லாட்ஜில் அறை இருப்பு, குண்டு மிளகாய் மூட்டைக் கணக்கு. நீங்கள் இத்தனை வருடம் பார்த்த தொழிலில் இருந்தே எடுங்கள். மூன்று பக்கம் போதும், மூன்றும் உண்மையிலேயே ஒருவர் பயன்படுத்துகிறதாக இருக்க வேண்டும். எல்லோரும் இணையத்தில் பார்க்கும்படி கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றலாம். சொந்தப் பெயரில் முகவரி வேண்டும் என்றால் வருடம் 700 ரூபாய் எனக்கு ஆனது. முதல் வருட விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணம் கூடுதலாக இருக்கும்.

6. விண்ணப்பமும் நேர்காணலும்

மூன்று பக்கமும் தயாரான பிறகு போடத் தொடங்குங்கள். நான் நான்கு மாதத்தில் 140 இடங்களுக்குப் போட்டேன், ஆறு நேர்காணல் வந்தது. லிங்க்ட்இன், நௌக்ரி இரண்டிலும் கணக்குத் திறங்கள். பெரிய நிறுவனங்கள் பல, கம்ப்யூட்டர் டிகிரி என்று முதல் வரியிலேயே வடிகட்டிவிடும். 20, 30 பேர் வேலை பார்க்கிற சிறிய நிறுவனங்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டதில்தான் எனக்குப் பதில் வந்தது. சென்னையை மட்டும் பார்க்காதீர்கள். மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி இரண்டு இடத்திலும் தமிழ்நாடு அரசின் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது. சனிக்கிழமை ஊர் திரும்பிவிடலாம். ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிறது. அவர்களுடைய பயிற்சிப் பள்ளி பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கானது, உங்கள் தம்பி தங்கைக்குச் சொல்லுங்கள்.

பழைய வேலையை மறைக்காதீர்கள். நான் முதலில் ஐஸ் கம்பெனியை ரெஸ்யூமில் ஒரே வரியில் முடித்திருந்தேன். பிறகு, பத்து வருடம் தினசரி வரவு செலவு பார்த்தவன், கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போகாதவன் என்பது தெரியும்படி விரித்து எழுதினேன். என்னை எடுத்த நிறுவனம் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறது. அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

சம்பளம் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் பயிற்சி, மாதம் 12,000. அப்புறம் 22,000. ஐஸ் கம்பெனியில் வாங்கியது 16,000. சென்னை வாடகையைக் கழித்தால் முதல் வருடம் கையில் பழையதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. பணம் கேட்டால், சான்றிதழ் கேட்டால்

வேலை தருகிறவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பின்வாசல் வேலை, எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். ஒப்பந்தத்தில் இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று இருந்தால், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போலி அனுபவச் சான்றிதழ் விற்கிறவர்களும் உண்டு. பி.எஃப். பதிவைப் பார்த்தாலே அது பிடிபட்டுவிடும்.

நம் பக்கம் வெளிநாட்டு வேலை என்றால் உடனே கிளம்புகிறவர்கள் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், விசிட் விசாவில் வந்தால் போதும் என்று சொல்லி அழைத்துப்போய், மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்து வைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் அதில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் பெயரை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் போகாதீர்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

8. ஆஃபர் வந்த பிறகு

கடிதம் கையில் வந்து, சேரும் தேதியும் சம்பளப் பிரிவும் அதில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் பழைய இடத்தில் சொல்லுங்கள். போனில் சொன்னதை நம்பி ராஜினாமா செய்யாதீர்கள். முப்பது நாள் அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். விடுவிப்புக் கடிதத்தைக் கடைசி நாளன்றே கையெழுத்தும் சீலும் போட்டு வாங்கிவிடுங்கள். ஊரை விட்டுப் போன பிறகு வாங்குவது கஷ்டம். தடைக்காலத்துக்குச் சற்று முன்பு விலகுவது முதலாளிக்கும் சௌகரியம். சீசன் தொடங்குகிற ஜூனில் விட்டுவிட்டுப் போனால் மனக்கசப்பாகும்.

முதல் சம்பளம் வரும்வரை சென்னையில் தாக்குப்பிடிக்க எனக்கு 28,000 ரூபாய் ஆனது. விடுதி முன்பணமும் முதல் மாதமும் சேர்த்து 13,000, மீதி சாப்பாடு, பஸ், இரண்டு முறை ஊருக்கு வந்துபோன செலவு. சீட்டுப் பணத்தை இதற்கென்றே எடுக்காமல் வைத்திருந்தேன். விடுதியை அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பாருங்கள், வாடகை ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

சேரும் நாளில் எல்லாச் சான்றிதழ்களின் ஒரிஜினல், இரண்டு செட் நகல், ஆறு பாஸ்போர்ட் அளவுப் படம், ரத்து செய்த காசோலை ஒன்று கொண்டு போங்கள். பழைய பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காதீர்கள். ஐந்து வருடச் சேவை முடியாமல் எடுத்தால் வரி பிடிக்க வாய்ப்பு உண்டு. புதிய கணக்கில் முதல் மாதச் சந்தா ஏறியதும் ஆன்லைனிலேயே பழையதை மாற்றிக்கொள்ளலாம். பழைய முதலாளி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். நான் அப்படித்தான் பதிந்தேன்.